காராக் ஏற்றத்தில் திணறும் மைவிக்கு எக்ஸ்டிராக்டர் மாட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் செந்தூலில் வசிக்கிறேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னிடம் 2013ஆம் ஆண்டு பெரோடுவா மைவி 1.5, மேனுவல் கியர் கார் இருக்கிறது. இதுவரை 168,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். மாதம் ஒரு முறை அப்பா, அம்மா, மனைவி, குழந்தையுடன் பெந்தோங்கில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போவோம். அப்போது காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கார் மிகவும் திணறுகிறது. கெப்போங்கில் ஒரு கடைக்காரர் 4-2-1 ஸ்டெயின்லெஸ் எக்ஸ்டிராக்டர் மாட்டினால் 15 குதிரைத்திறன் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார். கூலியோடு 850 வெள்ளி கேட்கிறார். நண்பரோ 4-1தான் நல்லது என்கிறார். அம்மாவுக்குச் சத்தம் கூடிவிடுமோ என்று பயம். மாட்டலாமா? சாலைப் போக்குவரத்து இலாகாவால் தொல்லை வருமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காருக்கு, நீங்கள் அதை ஓட்டும் விதத்துக்கு, இப்போது எக்ஸ்டிராக்டர் வேண்டாம். அது ஏமாற்றுப் பொருள் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்டிராக்டர் என்பது சிலிண்டர்களின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுதி. ஒழுங்காகச் செய்த எக்ஸ்டிராக்டர் உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் அது இஞ்சினுக்குப் பலம் சேர்க்கும் இடம் ஒன்று, உங்கள் கார் பலம் கேட்டுத் திணறும் இடம் வேறொன்று. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதையும் நண்பர் சொல்வதையும் நீங்களே எடைபோட்டுவிடலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம் இன்னும் மிஞ்சியிருக்கும். அந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. புகை நகரும் வேகம் வேறு, அலை நகரும் வேகம் வேறு. அவ்வளவு சூடான வாயுவில் அலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தை அடைந்ததும், அங்கே வழி திடீரென்று அகலமாகிவிடுவதால், அலையின் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்தமாக மாறி வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்தே சற்றுத் திறந்திருக்கும் சிறு இடைவேளை ஒன்று உண்டு. திரும்பிவரும் அலை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை உறிஞ்சி வெளியே தள்ளுவதோடு, புதுக் காற்றையும் கூடுதலாக உள்ளே இழுத்துவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு எக்ஸ்டிராக்டர் என்று பெயர் நிலைத்ததே இந்த உறிஞ்சும் வேலையால்தான்.

இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் கிராங்க், அதாவது இஞ்சினின் சுழலும் தண்டு, ஒரு முறை சுற்ற 10 மில்லிநொடி ஆகும். 3000 சுழற்சியில் 20 மில்லிநொடி ஆகும். ஆனால் குழாயின் நீளம் மாறுவதில்லை, அலையின் வேகமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 6000 சுழற்சிக்குக் கச்சிதமாக அளந்து செய்த குழாயில், 3000 சுழற்சியில் அலை வெகு சீக்கிரமாகவே வந்துவிடும். வால்வுகள் இரண்டும் திறந்திருக்க வேண்டிய தருணத்தில் அது இருக்காது. அதன் எதிரொலி அழுத்தமாக வந்து புகையை உள்ளேயே தள்ளிவிடவும் கூடும். எல்லா வேகத்திலும் உதவும் எக்ஸ்டிராக்டர் என்று ஒன்று கிடையாது. எந்தச் சுழற்சியில் உதவி வேண்டும் என்று முடிவுசெய்த பிறகுதான் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் முடிவுசெய்ய முடியும்.

உங்கள் நண்பர் சொல்லும் 4-1க்கும் கடைக்காரர் சொல்லும் 4-2-1க்கும் உள்ள வேறுபாடும் இதுவே. 4-1இல் நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடுகின்றன; பெரும்பாலும் மேல் சுழற்சியில், அதாவது சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் 5000ஐத் தாண்டிய பிறகு அது பலன் தரும். 4-2-1இல் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகின்றன. 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் இஞ்சினில் 1ஐயும் 4ஐயும் ஒரு சோடியாகவும், 2ஐயும் 3ஐயும் மறு சோடியாகவும் சேர்ப்பார்கள். அப்போது ஒரு சோடிக்குள் ஒரு சிலிண்டர் விடும் புகை மற்றொன்றின் வேலையைக் கெடுக்காது. இதன் பலன் நடுச் சுழற்சியில் பரவலாகக் கிடைக்கும். சாலையில் ஓட்டும் சிறிய காருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 4-2-1ஐத்தான் சொல்வேன். செப்பாங் பந்தயத் தடத்தில் முள்ளைக் கீழே இறங்கவே விடாமல் ஓட்டுகிறவர் 4-1ஐக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

விட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாய் பெரிதாக இருந்தால் புகை தாராளமாகப் போகும், அதனால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். 38 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக 45 மில்லிமீட்டர் வைத்தால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு புகை அகன்ற வழியில் போகும்போது வேகம் குறைகிறது; வேகம் குறைந்தால், தன் பின்னால் வரும் புகையை இழுத்துச் செல்லும் உந்துதலும் குறைகிறது. 1.5 லிட்டர் இஞ்சினுக்குப் பெரிய குழாயை மாட்டி, கீழ்ச் சுழற்சியில் இருந்த கொஞ்சம் இழுவையையும் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களில் நானும் ஒருவன். 1990களின் இறுதியில் என்னிடம் ஒரு புரோட்டோன் வீரா 1.5 இருந்தது. ஒரு பட்டறையில், கடைசியாக மிஞ்சியது என்று மலிவாகக் கொடுத்த அகன்ற 4-1 எக்ஸ்டிராக்டரை மாட்டினேன். சத்தம் கூடியதும் வேகமும் கூடிவிட்டது என்று முதல் இரண்டு வாரம் நம்பினேன். பிறகு ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒவ்வொரு முறை காரை நகர்த்தும்போதும் கிளட்ச்சைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்கைந்து மாதத்தில் குழாய்கள் கூடும் இடத்தில் பற்றவைத்த தையல் விரிந்தது. அந்தப் பட்டறை அதைத் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தது. மறுபடியும் அதே இடத்தில் விரிந்தது. பழைய மேனிஃபோல்டை நான் தூக்கிப் போட்டுவிட்டிருந்ததால், உடைத்த கார்களின் சாமான் விற்கும் கடைகளில் தேடி அலைந்து வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். உங்கள் மைவியின் இஞ்சின், பெரோடுவா தரும் அளவின்படி, 6000 சுழற்சியில் 76 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 103 குதிரைத்திறன் தருகிறது. முறுக்குவிசையின் உச்சம் 136 நியூட்டன் மீட்டர். அது 4400 சுழற்சியில் கிடைக்கிறது. இந்த 4400 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை, பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் உங்கள் கார் ஏறத்தாழ 1,300 கிலோ இருக்கும். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஓர் ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 17 கிலோவாட் தேவை. காற்றின் எதிர்ப்பு, டயரின் உராய்வு, கியர்ப்பெட்டியில் வீணாவது, ஏர்கோன் கம்பிரசர் எடுப்பது எல்லாவற்றையும் கூட்டினால் தேவை 30 கிலோவாட்டை ஒட்டி வந்துவிடும். நீங்கள் ஐந்தாவது கியரிலேயே ஏறுகிறீர்கள், முள் 2500இல் நிற்கிறது, அங்கே இஞ்சின் 120 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று கொண்டால், பெடலைத் தரையோடு மிதித்தாலும் கிடைப்பது 31 கிலோவாட்தான். தேவையும் இருப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் கார் வேகம் பிடிக்க வழியே இல்லை. லோரியைத் தாண்ட நினைக்கும்போது நீங்கள் உணரும் திணறல் இதுதான்.

இந்த நிலையில் மூன்றாவது கியருக்கு மாறுங்கள். முள் 4000ஐ நெருங்கும். அங்கே 134 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் 56 கிலோவாட் கிடைக்கிறது. கையில் 25 கிலோவாட் மிச்சம். ஒரு சல்லிக்காசு செலவில்லை. ஒழுங்கான எக்ஸ்டிராக்டர் இப்படிப்பட்ட இஞ்சினில் மேல் சுழற்சியில் மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் தந்தால் அதை நல்ல பலன் என்றே நான் ஏற்றுக்கொள்வேன். ஐந்து குதிரைத்திறன் என்பது நாலு கிலோவாட்டுக்கும் குறைவு. அதுவும் 6000 சுழற்சியில் கிடைப்பது. உங்கள் முள் நிற்கும் 2500இல் அதில் ஒன்றும் இருக்காது. குழாய் அகலமாக இருந்தால் அங்கே இருப்பதும் குறையும்.

முள் 4000ஐத் தொட்டால் இஞ்சின் கெட்டுவிடும் என்ற பயம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. எண்ணெயும் குளிர்நீரும் சரியாக இருக்கும் இஞ்சினுக்கு 4000 சுழற்சி மிகச் சாதாரணம். குறைந்த சுழற்சியில் பெடலை முழுதாக மிதித்து, இஞ்சினை முனகவைத்து ஏற்றுவதுதான் அதற்குக் கூடுதல் சிரமம். கெந்திங் செம்பா சுரங்கம் வரைக்கும் மூன்றாவதிலும் நான்காவதிலும் ஏறிப் பாருங்கள். வெப்பமானி முள் நகர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன 15 குதிரைத்திறனைப் பற்றி: 103 இருக்கும் இடத்தில் 15 கூடுவது என்றால் ஏறத்தாழ 15 சதவீதம். வால்வுகளைத் திறக்கும் கேம், சிலிண்டரின் கம்பிரஷன், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு ஒன்றையும் தொடாமல் ஒரு குழாயை மட்டும் மாற்றி அவ்வளவு கூட்ட முடியும் என்பதை நான் நம்பவில்லை. இஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளைக் காட்டுகிறார் என்றால் மாட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டையும் கேளுங்கள். இரண்டும் ஒரே இயந்திரத்தில், ஒரே கியரில், ஒரே மாதிரியான வெப்பநிலையில் எடுத்தவையா என்றும் கேளுங்கள். கோலாலம்பூரில் காலை 24 பாகையும் பிற்பகல் 33 பாகையும் இருப்பது சாதாரணம். இந்த ஒன்பது பாகை வேறுபாட்டிலேயே காற்றின் அடர்த்தி மூன்று சதவீதம் மாறிவிடும். பிற்பகலில் பழைய மேனிஃபோல்டோடு ஓட்டி, மறுநாள் காலையில் புதியதோடு ஓட்டினால், குழாய் ஒன்றும் செய்யாவிட்டாலும்கூட இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடியதுபோல் தெரியும். டைனோவின் மென்பொருள் இதற்குத் திருத்தம் போடும் என்பது உண்மைதான். அந்தத் திருத்தம் போடப்பட்டதா என்பதைத் தாளிலேயே பார்க்கலாம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதை மறந்துவிடுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் உங்கள் கால் பெடலை அரைகுறையாகத்தான் தொடுகிறது. அந்த நிலையில் இஞ்சினுக்குள் போகும் காற்றைத் தடுப்பது, பெடலோடு திறந்து மூடும் கதவான திராட்டல் பாதி மூடியிருப்பதுதான். வெளியேறும் வழியை அகலப்படுத்துவதால் அங்கே கணக்கில் வரும்படி ஒன்றும் மாறாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. கார் திணறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வாங்கிய நாளிலிருந்தே அப்படியா, சில மாதங்களாகவா? 168,000 கிலோமீட்டர் ஓடிய காரில், கியரைக் குறைத்த பிறகும் திணறல் இருந்தால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். நோயுள்ள இஞ்சினில் எக்ஸ்டிராக்டரை மாட்டுவது, ரத்தசோகை உள்ளவருக்குப் புதுக் காலணி வாங்கிக் கொடுப்பது போன்றது. முதலில் கிளட்ச்: ஏற்றத்தில் நான்காவது கியரில் பெடலை மிதிக்கும்போது முள் மேலே ஏறி, வேகமுள் மட்டும் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, திராட்டல் வாயில் படிந்த கரி, நான்கு சிலிண்டர்களின் கம்பிரஷன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றோடு, புகையின் நச்சைத் தணிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். வழி எளிது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகி இஞ்சினை ஓடவிட வேண்டும். சும்மா ஓடும்போது அழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்குள்ளும், 2500 சுழற்சியில் 20 கிலோபாஸ்கலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் நாங்கள் வைத்திருக்கும் அளவு. அதைத் தாண்டினால் இஞ்சின் தன் புகையையே வெளியே தள்ள முடியாமல் தவிக்கிறது என்று பொருள். எக்ஸ்டிராக்டர் மாட்டியதும் கார் பறக்கிறது என்று சொல்பவர்கள் சிலரிடம் நடந்திருப்பது இதுதான்: பழைய அடைத்த கன்வெர்ட்டரும் அந்த மேனிஃபோல்டோடு சேர்ந்து போயிருக்கும்.

கன்வெர்ட்டரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், அந்த 850 வெள்ளிக்குள் அது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள். சந்தையில் கிடைக்கும் பல எக்ஸ்டிராக்டர்களில், இஞ்சினை ஒட்டி இருக்கும் கன்வெர்ட்டருக்கு இடமே இருக்காது. வெறும் குழாயாகவே கீழே போய்விடும். இதை நான் எந்தச் சாலைக் காருக்கும் செய்ய மாட்டேன். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தணிப்பது அந்தக் கன்வெர்ட்டர்தான். அதை எடுத்துவிட்ட காருக்குப் பின்னால் நெரிசலில் மோட்டார் சைக்கிளில் நிற்பவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். கன்வெர்ட்டரைத் தள்ளிக் கீழே வைப்பதும் முழுத் தீர்வல்ல. அது ஏறத்தாழ 250 முதல் 300 பாகை சூடானால்தான் வேலையைத் தொடங்கும், தூரம் கூடினால் சூடாக நேரம் பிடிக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் இதைக் கண்டுகொண்டு இஞ்சின் விளக்கை எரியவிடக்கூடும். அந்த விளக்கை அணைக்கச் சென்சாருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு துண்டை மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டறையிலிருந்து மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய கன்வெர்ட்டரை எந்தக் காரணத்துக்காகவும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒருபுறம் இருக்க, சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டு விதிமுறைகளும், பெட்ரோல் இஞ்சின் புகைக்கு 1996ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன. சாலைத் தடுப்புகளில் சாலைப் போக்குவரத்து இலாகா, போலீஸ், சுற்றுச்சூழல் இலாகா ஆகிய மூன்று தரப்பினருமே நிற்பதுண்டு. சத்தத்தை அடக்கும் மஃப்ளரைத் தொடாமல், கன்வெர்ட்டரையும் வைத்துக்கொண்டால் நீங்கள் சிக்கலில் மாட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அம்மாவின் பயத்துக்கும் அதுவே பதில். இருந்தாலும் தொழிற்சாலையில் வந்த மேனிஃபோல்டு அமுக்கிவைத்திருந்த ஒலி மெல்லிய குழாயில் கொஞ்சம் வெளியே வரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உலோகம் அதிரும் ஓசை கேட்கும். காரை விற்கும் நாளில், பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் புகையையும் சோதிப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். விபத்து நடந்த பிறகு விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும், கார் நலமாக இருக்கிறது, கியரைக் குறைத்து ஓட்டியும் பார்த்துவிட்டேன், மேல் சுழற்சியில் அது பாடும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்காகவே வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் தடுக்க மாட்டேன். காரை நேசிப்பவர் அதில் தன் காசைப் போடுவதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்டிராக்டரைத் தலைகீழாகத் திருப்பி, சிலிண்டர் ஹெட்டில் ஒட்டும் தட்டையான பட்டையின் மேல் ஓர் இரும்பு அடிக்கோலை நிமிர்த்தி வையுங்கள். அதைக் கதவின் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோலுக்கும் பட்டைக்கும் இடையில் வெளிச்சக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பட்டை பற்றவைத்த சூட்டிலேயே வளைந்துவிட்டது. இடையில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் எத்தனை வைத்தாலும் கசியும். பட்டையின் தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இன்று நேராக இருந்தாலும் நாளை வளையும். பிறகு ஒவ்வொரு துளைக்குள்ளும் சுட்டுவிரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள். நல்ல வேலையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். மோசமான வேலையில் பற்றவைப்பு உள்ளே கட்டிகட்டியாக நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். புகையும் அங்கேதான் முட்டும்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதெல்லாம் 304 என்ற நல்ல ரகம் அல்ல. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304தான் என்று கடையில் காட்டுவார்கள். மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான 304ஆகவே இருந்தாலும், அது சூட்டில் சாதாரண எஃகைவிடக் கூடுதலாக விரியும்: ஒரு மீட்டர் குழாய் 600 பாகை சூடானால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். ஆகவே கீழே வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாயும், குழாயைத் தாங்கும் பிடிமானமும் இல்லாமல் இறுக்கி மாட்டினால், என் வீராவுக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். சூடு வெளியே வராமலிருக்கத் துணிப்பட்டை சுற்றித் தருகிறேன் என்பார்கள். நம் ஊர் மழையில் அந்தப் பட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயைத் தின்றுவிடும். வசதியிருந்தால் செராமிக் பூச்சு, இல்லாவிட்டால் தொழிற்சாலையில் வந்த சூட்டுத்தகட்டையே திரும்ப மாட்டுவது நல்லது.

கழற்றுவதிலும் ஆபத்து உண்டு. பல வருடம் சூட்டில் வெந்த நட்டுகள் அவை. முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஊறவிடாமல் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டு மாட்டியிருக்கும் திருகாணியான ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். முறிந்தால் அதை எடுக்கும் செலவு யாருடையது என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் வாரம் தினமும் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, போனட்டைத் திறந்து காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் கேஸ்கெட் கசிகிறது. அந்த இடத்தில் கரிக்கோடும் தெரியும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று இசியு தவறாக எண்ணி, தேவையில்லாமல் கூடுதலாக ஊற்றும். அதைவிட முக்கியம், காருக்குள் வெளிக்காற்று வரும் வழி முன்கண்ணாடியின் அடியில், இஞ்சின் அறையை ஒட்டித்தான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நெரிசலில் நிற்கும் காரில் பின்னிருக்கையில் உங்கள் அப்பாவும் அம்மாவும் குழந்தையும் உட்கார்ந்திருப்பார்கள். கசிவு தெரிந்த காரை அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கழற்றிய பழைய மேனிஃபோல்டை எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, ஸ்டோர் அறையில் வைத்துவிடுங்கள். விற்கும்போது அது தேவைப்படும்.

இதே கேள்வியை வேறு காருக்காகக் கேட்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2006இல் வந்த ஹோண்டா சிவிக் எஃப்டி 1.8 போன்ற சில இஞ்சின்களில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. நான்கு வழிகளும் உள்ளேயே கூடி ஒரே வாயாக வெளியே வருவதால், நான்கு குழாய் எக்ஸ்டிராக்டருக்கு அங்கே இடமே கிடையாது. டர்போ வைத்த கார்களின் கணக்கு முற்றிலும் வேறு.

உங்களுக்கு நான் சொல்லும் வேலை இரண்டுதான், தம்பி. அடுத்த ஐந்து நாள் வேலைக்குப் போய்வரும்போது ஆர்பிஎம் முள் 4000ஐ எத்தனை முறை தொடுகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். அதே வாரத்தில், நீங்கள் நம்பும் பட்டறையில் கிளட்ச்சையும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தையும் சோதித்துவிடுங்கள். 2500 சுழற்சியில் அழுத்தமானி காட்டிய எண்ணையும், மூன்றாவது கியரில் கெந்திங் செம்பா ஏற்றத்தை ஏறியபோது கார் எப்படி இருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அந்த எண் 20ஐத் தாண்டியிருந்தால், எந்தக் கன்வெர்ட்டரை வாங்குவது என்பதைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கும். அதுவரை அந்த 850 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.